பி.ஜி.யில் சேரும் முன் கிடைக்கும் சில மாதங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ரவுண்ட்ஸ் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடிக்கப்போகும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். “மேடம், பி.ஜி. சீட் ஒதுக்கும் கவுன்சலிங் வரைக்கும் வேலை பார்க்க நல்ல இடம் ஒன்று அமைந்திருக்கிறது. தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே தருகிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள்.”

அந்த ‘மட்டும்’ காதில் விழுந்ததும் கையைத் துடைக்க மறந்துபோனேன். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு என் அப்பாவிடம் நானும் இதே சொல்லைத்தான் சொன்னேன்.

நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. அதற்குப் பிறகு பி.ஜி. என்னும் பட்டமேற்படிப்பில் சேரும்வரை கிடைக்கும் இடைவெளிதான் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு உங்களுக்கென்று இருக்கும் கடைசிக் காலம். செல்போனில் நேரத்தைத் தொலைக்காதீர்கள், சீக்கிரம் எழுந்திருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.

தேதி தெரியட்டும் என்று காத்திருப்பது

தேதி தெரியாது. 2021ஆம் ஆண்டின் நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு ஏப்ரலில் நடந்திருக்க வேண்டியது. செப்டம்பர் 11ஆம் தேதிதான் நடந்தது. கவுன்சலிங் தொடங்கியபோது 2022 ஜனவரி ஆகிவிட்டது. 2024இல் ஜூன் 23ஆம் தேதித் தேர்வை முந்தைய நாள் இரவில் ஒத்திவைத்தார்கள். பெட்டியோடு தேர்வு ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் அப்படியே திரும்பி வந்தார்கள். இப்படிப்பட்ட நாட்காட்டியை நம்பி, “எல்லாம் முடிவானதும் பத்து நாள் எங்காவது போய்வரலாம்” என்று இருந்தால் அந்தப் பத்து நாள் வராது. இடம் ஒதுக்கிய பிறகு சேருவதற்குக் கொடுக்கும் அவகாசம், சான்றிதழ் நகல் எடுக்கவும் விடுதி தேடவுமே சரியாக இருக்கும். தேர்வு முடிந்த அடுத்த வாரமே கிளம்பிவிடுங்கள். ரயிலில் இடம் இல்லையென்றால் பஸ்ஸில் போங்கள்.

எல்லா மாதங்களையும் டியூட்டி டாக்டர் வேலைக்குக் கொடுத்துவிடுவது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நான் சேர்ந்தது ஒரு சிறிய ஊரில் இருந்த முப்பது படுக்கைத் தனியார் மருத்துவமனை. நுழைவுத் தேர்வு முடிவு வரும்வரை சும்மா இருப்பானேன், கையில் காசும் சேரும், அனுபவமும் கிடைக்கும் என்பது என் கணக்கு. முதல் நாளே, “பத்திரமாக இருக்கும்” என்று சொல்லி ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஓராண்டு வேலை செய்வதாக ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். அதை நான் முழுதாகப் படிக்கவில்லை. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி விடாமல் படிக்கப் பழக்கப்பட்டவள், சொந்தக் கழுத்தில் விழும் கயிற்றைப் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

ஐந்தாவது மாதம் பி.ஜி. இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஒரிஜினல்கள் வேண்டும். நிர்வாகம் தாளை எடுத்து நீட்டியது: ஓராண்டு முடியவில்லை, அதனால் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துப்போகலாம். அப்பா வந்து கட்டினார். வாசலில் நின்று ரசீது கேட்டார். கொடுக்கவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. ‘அனுபவம்’ என்று நான் நினைத்ததுதான் உண்மையான நஷ்டம். இரவு முழுக்க நான் ஒருத்தி. கூட இருந்த செவிலியருக்கு என்னைவிட அதிகம் தெரியும். ஆனால் அவர் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். காய்ச்சல் என்று வருகிறவரை ஊசி போடாமல் அனுப்பினால் அடுத்த முறை வரமாட்டார் என்பது அந்த இடத்தின் எழுதப்படாத சட்டம். அசதி என்று வந்தால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். வந்தவரே கேட்பார், பில்லும் கேட்கும். சளிக்கு ஆன்டிபயாடிக், உடல்வலிக்கு ஸ்டீராய்டு. முதல் வாரம் மனம் உறுத்தியது, மூன்றாவது வாரம் உறுத்தவில்லை, இரண்டாவது மாதம் கை தானாக எழுதியது.

ஒருநாள் விடியற்காலை இரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஈ.சி.ஜி.யைப் பார்த்ததும் மாரடைப்பு என்று தெரிந்தது. உரிமையாளரான மருத்துவரின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பிரின் கொடுத்து, 108இல் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவர் பிழைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. அனுபவம் என்றால் செய்தது சரியா தவறா என்று யாராவது சொல்ல வேண்டும், அல்லது நோயாளியின் கதி என்ன என்றாவது தெரிய வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் ஐந்து மாதம் இருந்தாலும் ஐந்து ஆண்டு இருந்தாலும் வளர்வது துணிச்சல் மட்டும்தான்.

பி.ஜி.யின் இரண்டாவது வாரம், வைரஸ் காய்ச்சல் என்று நானே எழுதிய கேஸ் ஷீட்டில் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியையும் எழுதியிருந்தேன். எங்கள் சீஃப் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, “இது எதற்கு?” என்று கேட்டார். மற்ற எல்லோர் முன்னிலையிலும். பதில் இல்லை. அந்தப் பழக்கங்களை விட ஓராண்டு ஆனது. ஒன்றும் தெரியாமல் வந்த என் சக மாணவி என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அழித்துவிட்டு எழுத வேண்டிய வேலை இல்லை.

வீட்டுக்குப் பணம் தேவைப்படுகிறது, வேலை செய்தே ஆகவேண்டும் என்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு உபதேசம் சோறு போடாது. வேலை செய்யுங்கள், ஆனால் வாரத்துக்கு மூன்று நாளோடு நிறுத்துங்கள். இரவில் கூப்பிட்டால் வந்து நிற்கும் மூத்த மருத்துவர் இருக்கும் இடமாகப் பாருங்கள். அவர் உண்மையிலேயே வருகிறாரா என்பதை ஏற்கெனவே அங்கே வேலை பார்த்தவரிடம் கேளுங்கள். கவுன்சலிங் வந்தால் உடனே விலகலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், ஒரிஜினலைக் கொடுக்கக் கூடாது. “எல்லோரும் கொடுக்கிறார்களே” என்றால், எல்லோருடைய அப்பாக்களும் வந்து கட்டியிருக்கிறார்கள்.

முதலாண்டுப் பாடப்புத்தகத்தை முன்கூட்டியே முடித்துவிடுவது

முடியாது. நோயாளி இல்லாமல் படித்தது வார்டில் நினைவுக்கு வராது. இந்த மாதங்களில் வேறு எதையாவது படியுங்கள்.

உடம்பை ஒத்திப்போடுவது

நோயாளிகளிடம் நாம் சொல்லும் எதையும் நாம் செய்வதில்லை. என் கடைவாய்ப் பல் ஹவுஸ் சர்ஜன் காலத்திலேயே தொல்லை கொடுக்கத் தொடங்கியது. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டேன். அது முதலாண்டில், தொடர் டியூட்டியின் இருபதாவது மணி நேரத்தில் தன்னைப் பார்க்கச் சொன்னது. கன்னம் வீங்கிய முகத்தோடு ஓ.பி. பார்த்தேன், ஒரு பாட்டி, “நீ முதலில் டாக்டரிடம் போ தாயி” என்றார்.

பல், கண்ணாடி, தைராய்டு, குடலிறக்கம், எது இருந்தாலும் இப்போதே முடித்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்றாவது தவணையை விட்டவர்கள் நம்மில் ஏராளம். 0, 1, 6 மாதம் என்பது கணக்கு. விட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மீதியைப் போட்டால் போதும். போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி அளவையும் பார்த்துவிடுங்கள். முதலாண்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்தப்போவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைச் சேமித்துவைப்பது

வங்கி இல்லை.

‘விடுப்பு இருக்கிறதே’ என்று நம்புவது

இருக்கிறது, விதியில். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பட்டமேற்படிப்பு விதிகள் ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்துடன் கூடிய தற்செயல் விடுப்பும் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும் சொல்கின்றன. வார ஓய்வு பணியின் நெருக்கடிக்கு உட்பட்டது. அந்த நெருக்கடி எல்லா வாரமும் இருக்கும். 2024இல் ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரையே 74 என்றால் நடைமுறையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஆகவே, பார்க்க வேண்டிய மனிதர்களை இப்போதே போய்ப் பாருங்கள். போனில் பேசிக்கொள்ளலாம் என்பீர்கள். பேசமாட்டீர்கள், போன் எடுத்தால் தூக்கம் வரும்.

கல்யாணத்தை இந்த இடைவெளியில் செருகுவது

எனக்குக் கருத்து இல்லை. சேர்ந்த முதல் ஆறு மாதத்துக்குள் முகூர்த்தம் வேண்டாம் என்று மட்டும் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

சமைக்கத் தெரியாமல் போவது

டியூட்டி முடியும் நேரத்தில் விடுதி மெஸ் மூடியிருக்கும். கஞ்சி, முட்டை, ரசம் மூன்றும் தெரிந்தால் போதும். எனக்கு ரசம் தெரியாது. மூன்று ஆண்டும் அறைத்தோழி வைத்ததைத்தான் குடித்தேன். அவள் இப்போது மதுரையில் குழந்தை மருத்துவர். இன்றும் போனில் பேசினால் அந்தக் கணக்கைச் சொல்லிக்காட்டுகிறாள்.

அந்தத் தம்பி நேற்று மறுபடி வந்தார். வாரம் மூன்று நாள் என்று கேட்டுப் பார்த்தாராம், ஒப்புக்கொண்டார்களாம். “சான்றிதழ்?” என்றேன். “நகல்தான் கொடுத்தேன் மேடம். முகத்தைச் சுளித்தார்கள்.” சுளிக்கட்டும் என்றேன்.