கணினிக் கோப்பை நகலெடுக்கும்போது என்னென்ன மாறுகிறது: சோதித்துப் பதிவு செய்யும் முறை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பழைய வீட்டுப் படங்களையும், பர்மா, மலாயா வட்டிக்கடைப் பேரேடுகளின் ஸ்கேன்களையும், கல்யாண வீடியோக்களையும் பென் டிரைவில் ஏற்றி, சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் உறவினர்களுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஸ்டுடியோவின் விண்டோஸ் கணினியில் பிறந்த கோப்பு, ஒருவருடைய லினக்ஸ் மடிக்கணினி வழியாகப் போய் இன்னொருவரின் மேக்கில் இறங்குகிறது. உள்ளடக்கம் பெரும்பாலும் பழுதில்லாமல் போய்ச் சேரும். பெயர், தேதி, அனுமதி ஆகியவற்றுக்கு அந்த உறுதி கிடையாது. எது நிற்கும், எது போகும் என்பதை ஊகிக்காமல் சோதித்து எழுதி வைப்பது எப்படி என்று பார்க்கலாம்.

முதல் படி: சோதனைக் களம்

காலியான இரண்டு பென் டிரைவ்களை எடுத்துக்கொண்டு, ஒன்றை ஃபேட்32 ஆகவும் மற்றொன்றை எக்ஸ்ஃபேட் ஆகவும் ஃபார்மேட் செய்யுங்கள். இவை வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமைகள். கணினியின் உள் வட்டு விண்டோஸில் பொதுவாக என்டிஎஃப்எஸ் ஆகவும், லினக்ஸில் பெரும்பாலும் ஈஎக்ஸ்டி4 ஆகவும் இருக்கும். அசல் ஆவணங்களைச் சோதனைக்குத் தொட வேண்டாம், பிரதிகளே போதும்.

இரண்டாம் படி: மாதிரிக் கோப்புகள்

ஒரு கோப்புறையில் நான்கு கோப்புகளை வையுங்கள்: 4 ஜிபியைத் தாண்டிய ஒரு கல்யாண வீடியோ, இணையத்திலிருந்து இறக்கிய ஒரு பிடிஎஃப், 'கோட்டையூர் முகப்பு' என்று பெயரிட்ட ஒரு படம், மிக நீளமான தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு ஸ்கேன். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பெயரில் முக்காற்புள்ளி (:) வரும் ஐந்தாவது கோப்பு ஒன்றையும் சேர்க்கலாம்.

மூன்றாம் படி: நகலெடுக்குமுன் எழுதுவது

ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், பைட் அளவு, உருவான நேரம், மாற்றிய நேரம், எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடுவது, உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும்) ஆகியவற்றை ஓர் அட்டவணையில் குறியுங்கள். நேரத்தை விநாடி வரை எழுத வேண்டும். விண்டோஸின் பட்டியல் காட்சியில் விநாடி தெரியாது. கோப்பின் பண்புகள் சாளரத்தைத் திறந்தால் தெரியும். லினக்ஸில் ஸ்டாட் கட்டளை நேரத்தை நானோவிநாடி வரை காட்டும்.

நான்காம் படி: நகலும் பதிவும்

கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுத்து, எந்த இயங்குதளம், அதன் எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, எந்த முறைமையிலிருந்து எதற்கு என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். பிழைச் செய்தி வந்தால் அதை உங்கள் சொல்லில் சுருக்காமல் திரையில் உள்ளபடியே எழுதுவது நல்லது. சரிபார்ப்பு எண்ணை உடனே கணக்கிடாதீர்கள். லினக்ஸ், எழுத வேண்டியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டே நகல் முடிந்ததாகச் சொல்லிவிடும் என்பதால், டிரைவை முறைப்படி வெளியேற்றி, மீண்டும் செருகிய பிறகே அந்த எண் டிரைவில் உண்மையாக இருப்பதைக் காட்டும்.

ஐந்தாம் படி: காண்பதைப் படிப்பது

வீடியோ ஃபேட்32-இல் ஏறாது. அம்முறைமையில் ஒரு கோப்பின் உச்ச அளவு 4,29,49,67,295 பைட். எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை. பிடிஎஃப் ஏறிவிடும், ஆனால், 'இது இணையத்திலிருந்து வந்தது' என்று விண்டோஸ் என்டிஎஃப்எஸ்-இல் ஒட்டிவைத்த மறைகுறிப்பு இரண்டு டிரைவிலும் உதிர்ந்துபோகும். லினக்ஸின் உரிமையாளர், அனுமதி விவரங்களுக்கும் அங்கே இடமில்லை.

நேரந்தான் அதிகம் குழப்பும். விண்டோஸ் எக்ஸ்புளோரர் நகலின் மாற்றிய நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உருவான நேரத்தைப் புதிதாக இடுகிறது. ஆகவே மாற்றியதற்குப் பிறகு உருவான விசித்திரக் கோப்பு கண்ணில் பட்டால் அது நகல் என்று கொள்ளலாம். லினக்ஸின் சிபி கட்டளையோ, பாதுகாக்கச் சொல்லும் தெரிவைக் கொடுக்காவிட்டால், மாற்றிய நேரத்தையே இந்த நிமிடத்துக்கு மாற்றிவிடும். ஃபேட்32 மாற்றிய நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒரு படியாகத்தான் சேமிக்கும் என்பதால், 10:15:07 என்பது 06 ஆகவோ 08 ஆகவோ ஆகி, ஒப்பிடும் மென்பொருள் எல்லாக் கோப்பும் மாறிவிட்டதாக அலறும். விண்டோஸின் ரோபோகாப்பி, லினக்ஸின் ஆர்சிங்க் ஆகிய நகல் கருவிகள் இரண்டிலும் இந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் தெரிவு உண்டு. மேலும் ஃபேட்32 உள்ளூர்க் கடிகார நேரத்தையே எழுதுகிறது. காரைக்குடியில் காலை 10 மணிக்குச் சேமித்தது கோலாலம்பூர் விண்டோஸிலும் 10 மணி என்றே தெரியும். என்டிஎஃப்எஸ் டிரைவாக இருந்தால் அதே கோப்பு அங்கே 12:30 காட்டும். எனக்கு இரண்டாவதே நேர்மையாகப் படுகிறது.

பெயர்களுக்கு வருவோம், தமிழில் பெயரிடுபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டும் பெயருக்கு 255 யூடிஎஃப்-16 அலகுகளை அனுமதிக்கின்றன (யூடிஎஃப் என்பது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறை). தமிழ்க் குறியீடு (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி எனத் தனித்தனியே எண் பெறும் துண்டு) ஒவ்வொன்றும் ஓர் அலகு. ஈஎக்ஸ்டி4 தருவதோ 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆவதால் 85 குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். 'கோட்டையூர்' கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு 10 குறியீடு, 30 பைட். அதன் 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பிரித்தால் 33 பைட். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த பிரதியும் உங்கள் பிரதியும் ஈஎக்ஸ்டி4-இல் ஒரே கோப்புறைக்குள், பார்வைக்கு ஒரே பெயரோடு, இரண்டு தனிக் கோப்புகளாக உட்கார்ந்திருக்கும். ஸ்கேன்களுக்குச் சிறிய பெயரும் வரிசை எண்ணும் இட்டு, முழு விவரத்தைத் தனி அட்டவணையில் வைப்பதையே பரிந்துரைப்பேன்.

முக்காற்புள்ளியுள்ள கோப்பை லினக்ஸ் இரண்டு பென் டிரைவிலும் எழுத மறுக்கும். என்டிஎஃப்எஸ் வட்டில் அதை எழுதவிடுவதும் உண்டு. பிறகு விண்டோஸ் அதைத் திறக்காது.

அனுமதி விவரமும் பெயரும் சிறிதும் மாறக் கூடாது என்றால், கோப்புறையை டார் கட்டாக (பல கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் பொதி) கட்டி, அந்த ஒரே கோப்பை எக்ஸ்ஃபேட் டிரைவில் அனுப்புங்கள். அட்டவணையில் அதற்கும் ஒரு வரி சேர்த்து, மறுமுனையில் அவிழ்த்த பிறகு வரும் சரிபார்ப்பு எண்களைப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.