அட்டாச்மென்ட் தியரியோடு தெரபி அறைக்குள் நுழைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன வயதில் நம்மைக் கவனித்துக்கொண்டவர்களோடு இருந்த பிணைப்பு பிற்கால உறவுகளையும் பாதிக்கிறது என்பதுதான் அட்டாச்மென்ட் தியரி. தங்கள் கேஸ்களை மூத்தவர்களோடு பேசிப் பார்க்க, அதாவது சூப்பர்விஷனுக்கு, வரும் இளம் தெரபிஸ்டுகளிடம் கேஸ் கேட்கும்போது, அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று பல நேரம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் சறுக்கிய அதே இடங்கள்தான். முதல் செஷனிலேயே ‘ஆங்ஷியஸ்’ (விட்டுப் போய்விடுவார்களோ என்று தவிப்பவர்), ‘அவாய்டன்ட்’ (நெருங்காமல் விலகியே இருப்பவர்) என்று முத்திரை குத்தக் கூடாது என்பதை வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். வகுப்பில் சொல்லாதவை இவை.

க்ளையன்டுக்கு அம்மாவாகிவிடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. காரணம், செய்பவர் நல்ல மனசோடு செய்கிறார். விலை கொடுப்பது க்ளையன்ட்.

ஒரு கேஸ் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சின்ன வயதில் உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்த ஒரு பெண். இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்: “அக்கா, தூங்கிட்டீங்களா?” உடனே பதில் போகும்: “இல்லம்மா, சொல்லுங்க.” அந்தத் தெரபிஸ்ட் என்னிடம் பெருமையாகவே சொன்னார்: “என்கிட்ட மட்டும்தான் மேடம் அவங்க மனசு விட்டுப் பேசறாங்க.” வாரம் ஒரு மெசேஜ் என்றிருந்தது தினமும் என்றாகி, ஒரே இரவில் நாலைந்து முறை என்றானது. அப்புறம் தெரபிஸ்டின் வீட்டில் ஒரு கல்யாணம். போன் பைக்குள்ளேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது வரிசையாக மெசேஜ்கள், கடைசியாக வந்தது, “நீங்களும் அப்படித்தானா?” அடுத்த செஷனில், களைத்தும் நொந்தும் போயிருந்த தெரபிஸ்ட், இனி மெசேஜே அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் “சரி” என்றார். அதற்கப்புறம் வரவில்லை. அவரைப் பொறுத்தவரை இன்னொரு வீட்டுக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது.

இந்தத் தியரியைத் தொடங்கிவைத்த ஜான் பவுல்பி 1988ல் வெளியிட்ட விரிவுரைத் தொகுப்பில், தெரபிஸ்டின் முதல் பணி பாதுகாப்பான தளமாக இருப்பது என்கிறார். எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எதற்காக அந்தத் தளம் என்பதையும் அவர் கூடவே சொல்கிறார்: வலி தரும் விஷயங்களுக்குள் க்ளையன்ட் துணிந்து போய்ப் பார்ப்பதற்காக. அவரோடு வேலை செய்த மேரி எயின்ஸ்வர்த் 1950களின் நடுவில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்க் கவனித்ததும் இதைத்தான். குழந்தை தாயை விட்டுத் தவழ்ந்து போகும், திரும்பிப் பார்க்கும், மறுபடி வரும். மடியிலேயே கிடக்கும் குழந்தைக்கு உலகம் தெரியாது.

கவனிப்பு எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்று தெரியாமல் வளர்ந்தவர், தவிப்பை உரக்கக் காட்டினால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று கற்றிருக்கிறார். ஒவ்வொரு மெசேஜுக்கும் உடனே பதில் போட்டால் அந்தப் பாடம் இன்னும் உறுதியாகும். அடுத்த செஷன் இருக்கும் வியாழக்கிழமை வரை தாங்க முடிகிறது, போனால் தெரபிஸ்ட் அதே நாற்காலியில் இருக்கிறார் என்ற அனுபவம் அவருக்குக் கிடைக்காமலே போகும். இன்னொன்றும் நடக்கும். எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும் ‘அக்கா’ மேல் கோபப்பட முடியாது. விட்டுப் போனவர்கள் மேல் உள்ள கோபம் வெளியே வருவதற்கு இருந்த ஒரே இடமும் அடைபட்டுவிடும்.

எல்லையை முதல் நாளே சொல்லுங்கள்: “இடையில் மெசேஜ் அனுப்பினால் பார்ப்பேன், ஆனால் வியாழக்கிழமை நேரில்தான் பேசுவோம். ராத்திரியில் தாங்கவே முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள்.” முதல் நாளே சொன்னால் அது ஏற்பாடு. களைத்துப்போன பிறகு சொன்னால் தண்டனை. தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு இந்த ஏற்பாடு மட்டும் போதாது. யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்று அவரோடு உட்கார்ந்து தனியாகத் திட்டம் எழுத வேண்டும்.

லீவு போடுவதாக இருந்தால் சில வாரம் முன்னாலேயே சொல்லுங்கள். வந்ததும் கேளுங்கள்: “நான் இல்லாத வாரம் எப்படிப் போச்சு? என் மேல கோபம் வந்ததா?” பெரும்பாலும் “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்பார்கள். அதோடு அடுத்த விஷயத்துக்குத் தாவாமல் கொஞ்சம் காத்திருங்கள். தெரபி நடப்பது அந்த இடத்தில்தான்.

விலகி இருந்தே பழகியவரிடம் இதே அள்ளிக் கொடுக்கும் பாசம் நேர்மாறாக வேலை செய்யும். மூன்றாவது செஷனுக்கு வரமாட்டார். க்ளையன்ட் தாங்கக்கூடிய தூரத்தில் ஆரம்பித்து மெதுவாக அதை மாற்றுவது பற்றி உளவியலாளர் பிரென்ட் மாலின்க்ராட் எழுதியிருக்கிறார். தேடிப் படியுங்கள்.

கேள்வித்தாள் மார்க்கை நம்பி உட்கார்ந்துவிடுவது

உளவியலாளர்கள் ஹசானும் ஷேவரும் 1987ல் காதல் உறவுகளை ஆராய ஒரு செய்தித்தாளில் கேள்விகள் வெளியிட்டார்கள். அந்த மரபில் 1998ல் வந்ததுதான் நெருங்கிய உறவுகளில் தான் எப்படி என்று ஒருவர் தனக்குத்தானே மார்க் போட இன்று எல்லோரும் கொடுக்கும் 36 வாக்கியக் கேள்வித்தாள். ஆய்வாளர் மேரி மெய்னின் குழு 1980களில் உருவாக்கிய, பெரியவர்களிடம் அவர்களின் பால்யத்தைப் பற்றிக் கேட்கும் நேர்காணல் வேறு மரபு. இரண்டிலும் ஒருவருக்கு வரும் முடிவுகள் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. ஒன்றில் வந்த மார்க்கை வைத்து மற்றதன் மொழியில் ரிப்போர்ட் எழுதாதீர்கள்.

என்ன சொன்னார் என்பதை மட்டும் கேட்பது

அந்த நேர்காணலில் அம்மாவைப் பற்றி ஐந்து சொற்கள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்ச்சி சொல்லச் சொல்வார்கள். நடந்தது நல்லதா கெட்டதா என்பதைவிட, சொல்வது கோவையாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தெரபியிலும் அப்படித்தான் கேட்க வேண்டும். “அம்மா ரொம்பப் பாசம்” என்கிறார். ஒரு சம்பவம் கேட்டால், “ஞாபகம் இல்லை… காய்ச்சல் வந்தா சொல்லமாட்டேன், திட்டுவாங்க” என்கிறார். புதியவர் உடனே, “அப்ப அம்மா பாசமா இல்லையே!” என்று மடக்குவார். க்ளையன்ட் அம்மாவுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவார். அதைவிட, “அந்தக் காய்ச்சலோட எங்க படுத்திருந்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மாவை மட்டும் விசாரிப்பது

பாட்டி, அத்தை, பெரியப்பா, வேலைக்கு வந்த அக்கா எல்லோரையும் கேளுங்கள். பவுல்பியையே பார்த்துக்கொண்டது ஒரு ஆயாதான். அவருக்கு நான்கு வயது வாக்கில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். பவுல்பிக்கு அது பெரிய இழப்பு.

பெரியவர்களை ‘டிஸ்ஆர்கனைஸ்டு’ என்பது

வேண்டாம். மெய்னும் சாலமனும் அந்தப் பெயரை வைத்தது, கவனிப்பவர் முன்னால் முன்னுக்குப்பின் முரணாக நடந்துகொள்ளும் கைக்குழந்தைகளின் நடத்தைக்கு.

எல்லாவற்றையும் அட்டாச்மென்ட் ஆக்குவது

கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், அவள் ஏன் விட்டு வரவில்லை என்பதற்கு பால்யத்தில் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இன்று ராத்திரி எங்கே தங்குவாள், குழந்தைகள் எங்கே, கையில் பணம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெண்கள் உதவி எண்ணான 181ஐ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அவள் போனை அவன் பார்ப்பானாக இருந்தால் அதில் பதிய வேண்டாம்.