லிப்ரெவுல்ஃபில் என்பிஏ பிளேஆஃப் பார்க்க: நேரம், லாகின், வீடியோ மூன்றையும் சரிசெய்யும் முறை

குரோமை விட்டு லிப்ரெவுல்ஃபுக்கு மாறியவர்களுக்கு மற்ற நாட்களில் பெரிய தொல்லை இருக்காது. ஏப்ரலில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பிளேஆஃப் (வெளியேற்றுச் சுற்றுகள்) தொடங்கியதும் மூன்று சிக்கல் வரும். ஆட்ட நேரம் தப்பாகத் தெரியும். தளம் தினமும் லாகின் கேட்கும். வீடியோ கறுப்பாக நிற்கும். மூன்றுமே பிழைகள் அல்ல. ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரலை எடுத்து, தனியுரிமைக்காக எல்லாப் பூட்டுகளையும் இறுக்கி வெளியிடப்படுவதுதான் லிப்ரெவுல்ஃப். நமக்குத் தேவையான மூன்று பூட்டுகளை மட்டும் தளர்த்தினால் போதும்.

பிரவுசரை நிறுவுவது பற்றி இங்கே எழுதவில்லை. அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கைபேசிக்கு லிப்ரெவுல்ஃப் கிடையாது, எனவே இது முழுக்க கணினிக்கான செய்முறை. உதாரணத்துக்கு 2025 பிளேஆஃபில் இண்டியானா பேசர்ஸ் அணியை எடுத்துக்கொள்கிறேன். கிழக்குப் பிரிவில் நான்காம் இடத்திலிருந்து புறப்பட்டு, மில்வாக்கி, கிளீவ்லாண்ட், நியூயார்க் அணிகளைத் தாண்டி இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போன அணி அது. அப்படி ஓர் அணியைப் பின்தொடர்ந்தால் இரண்டு மாதமும் அட்டவணையோடுதான் வாழ வேண்டும்.

படி 1: கூடைப்பந்துக்குத் தனி ப்ரொஃபைல்

ப்ரொஃபைல் என்றால், ஒரே பிரவுசருக்குள் தனி அமைப்புகளும் தனி புக்மார்க்குகளும் கொண்ட ஓர் அறை மாதிரி. இதைத் தவிர்க்காதீர்கள். கீழே சொல்லப்போகும் தளர்வுகளை உங்கள் வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் திறக்கும் ப்ரொஃபைலில் செய்தால், லிப்ரெவுல்ஃபுக்கு மாறியதன் பயனே போய்விடும்.

முகவரிப் பட்டையில் 'அபவுட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'ப்ரொஃபைல்ஸ்' என்று அடியுங்கள். வரும் பக்கத்தில் புதிய ப்ரொஃபைல் உருவாக்கும் பொத்தான் மேலேயே இருக்கும். 'பேசர்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டு, அதன் கீழே உள்ள 'லாஞ்ச் ப்ரொஃபைல் இன் நியூ பிரவுசர்' பொத்தானை அழுத்தினால் தனி ஜன்னல் திறக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உருவாக்கியவுடன் புதிய ப்ரொஃபைலே 'டிஃபால்ட்' ஆகியிருக்கக்கூடும். அப்படியே விட்டால் மறுநாள் பிரவுசரைத் திறக்கும்போது புக்மார்க் எதுவும் இல்லாமல் வெறுமையாக நிற்கும். எல்லாம் அழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதே பக்கத்துக்குப் போய், பழைய ப்ரொஃபைலை மீண்டும் டிஃபால்ட் ஆக்குங்கள்.

படி 2: நேரம்

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2025 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் ஓக்லஹோமா சிட்டியில் ஜூன் 5, வியாழக்கிழமை நடந்தது. அந்த ஒரே ஆட்டத்துக்கு இத்தனை நேரங்கள் உண்டு: அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 8:30. ஓக்லஹோமா மத்திய நேர மண்டலத்தில் இருப்பதால் உள்ளூர்க் கடிகாரத்தில் இரவு 7:30. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஜூன் 6 காலை 6:00. சிங்கப்பூரில் காலை 8:30. லிப்ரெவுல்ஃப் காட்டுவதோ ஜூன் 6, நள்ளிரவு 12:30.

இந்த 12:30 எங்கிருந்து வந்தது? உங்கள் நேர மண்டலம், மொழி, திரை அளவு, எழுத்துருக்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், குக்கீ (தளம் உங்கள் கணினியில் வைக்கும் சிறு அடையாளக் கோப்பு) இல்லாமலேயே ஒரு தளம் உங்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். அதைத் தடுக்க லிப்ரெவுல்ஃபில் 'ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங்' என்ற அமைப்பு முதலிலிருந்தே இயக்கத்தில் இருக்கும். அடையாளம் மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் பிரவுசரிலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்த வசதி இது. உலகத்தில் எங்கே இருந்தாலும் உங்கள் நேர மண்டலம் யுடிசி (உலகப் பொது நேரம்) என்றுதான் தளத்திடம் சொல்லும். ஆட்ட அட்டவணைத் தளங்கள் பல, பார்ப்பவரின் பிரவுசரிடம் நேர மண்டலத்தைக் கேட்டு மாற்றிக் காட்டுபவை. பிரவுசர் யுடிசி என்று சொல்ல, தளமும் அதை நம்பி 12:30 என்று போடுகிறது. உங்கள் நேரத்தில்தான் காட்டுகிறோம் என்ற நம்பிக்கையில் பக்கத்தில் மண்டலத்தின் பெயரையும் போடுவதில்லை.

ஆக, நள்ளிரவில் கண் விழித்து உட்கார்ந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. அட்டவணை மாறிவிட்டது போல என்று நினைத்துத் தூங்கிப்போனால் காலை ஆட்டமும் போய்விடும். அந்தக் குறிப்பிட்ட ஆட்டம் தவறவிடக்கூடாத ஒன்று. 0.3 வினாடி மிச்சமிருக்கும்போது டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட கூடையில்தான் பேசர்ஸ் 111-110 என்று வென்றது. அந்த ஆட்டம் முழுவதிலும் அவர்கள் முன்னிலை பெற்றது அந்த ஒரு தடவைதான்.

உங்களுக்கு வந்திருப்பது இதே சிக்கல்தானா என்று அறிய, நேரம் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, கணினித் திரையின் மூலையில் உள்ள கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். இந்தியா, இலங்கையில் சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம் வந்தால் இதுவேதான். சிங்கப்பூர், மலேசியாவில் எட்டு மணி நேரம். டொராண்டோவில் கோடையில் நான்கு. லண்டனில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் அங்கே ஏமாறுவது சுலபம், கோடை நேரக் குழப்பம் என்று தள்ளிவிடுவார்கள்.

சரிசெய்யும் முறை: புதிய ப்ரொஃபைலில் செட்டிங்ஸ் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் 'லிப்ரெவுல்ஃப்' என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே 'எனேபிள் ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங்' என்ற வரியின் டிக்கை எடுத்துவிட்டு, பிரவுசரை மூடித் திறந்து, அட்டவணையை மீண்டும் பாருங்கள். நேரம் சரியாகியிருக்கும். தளங்களின் இருண்ட தோற்றம் வேலை செய்யத் தொடங்கினால் அதுவும் இதே மாற்றத்தால்தான்.

விண்டோஸின் நேர மண்டலத்தை மாற்றிப் பார்க்காதீர்கள். பிரவுசர் அதைத் தளத்திடம் சொல்வதே இல்லை என்பதால் பலன் இருக்காது. கடிகாரத்தையே நகர்த்தி வைத்தால் இன்னும் மோசம். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு. கணினியின் தேதி பெரிதாகப் பிசகினால் பக்கங்களே திறக்காது.

அமைப்பை மாற்ற மனமில்லையா? கிழக்கு நேரத்தில் அச்சிட்ட அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு மனக்கணக்காகப் போடலாம். இரண்டரை மணியைக் கழியுங்கள், இரவைக் காலையாக்குங்கள், தேதியில் ஒன்றைக் கூட்டுங்கள். இரவு 8:30 என்பது மறுநாள் காலை 6:00. ஞாயிறு இரவு 8:00 என்பது திங்கள் காலை 5:30. பிளேஆஃப் முழுவதும் அமெரிக்கக் கோடை நேரத்துக்குள்ளேயே அடங்குவதால் இந்தக் கணக்கு இடையில் மாறாது. முதல் சுற்றின் வார இறுதிகளில் வரும் மதிய ஆட்டங்களில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அங்கே மதியம் 1:00 என்றால் இங்கே அன்றிரவே 10:30, தேதி மாறாது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு எண் மாறவே மாறாது, இரவு மட்டும் காலையாகும்.

படி 3: லாகினை நிலைக்கச் செய்தல்

நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளம் குக்கீயை வைத்தே நினைவில் கொள்கிறது, லிப்ரெவுல்ஃபோ மூடும்போது குக்கீகளை அழித்துவிடும். முழுவதுமாக நிறுத்தத் தேவையில்லை, வேண்டிய தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். தளத்தைத் திறந்து கண்ட்ரோலோடு ஐ விசையை அழுத்தினால் பக்கத் தகவல் ஜன்னல் வரும். 'பெர்மிஷன்ஸ்' பகுதியில் 'செட் குக்கீஸ்' வரியில் டிஃபால்ட் டிக்கை எடுத்துவிட்டு 'அலவ்' கொடுங்கள்.

இதைச் செய்த பிறகும் லாகின் கேட்டால், லாகின் பக்கத்தின் முகவரியை உற்றுப் பாருங்கள். பல சேவைகள் லாகினை வேறொரு துணை முகவரியில் நடத்துகின்றன. அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டும் ஒருமுறை இதையே செய்ய வேண்டும்.

படி 4: வீடியோ

கட்டணச் சேவைகள் வைட்வைன் என்ற பூட்டு மென்பொருள் வழியாகவே படத்தை அனுப்புகின்றன. லிப்ரெவுல்ஃபில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸின் 'ஜெனரல்' பகுதியில் கீழே இறங்கி, டிஆர்எம் (இப்படிப் பூட்டி அனுப்பப்படும்) உள்ளடக்கத்தை இயக்கும் பெட்டியில் டிக் போடுங்கள்.

டிக் போட்ட கையோடு ஓடவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். வைட்வைன் பின்னணியில் தனியாக இறங்க வேண்டும். ஆட்-ஆன்ஸ் பக்கத்தில் 'பிளகின்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். விரைவில் நிறுவப்படும் என்று எழுதியிருந்தால் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். இந்த வேலையை ஆட்டத்துக்கு முந்தைய நாளே முடித்துவிடுங்கள். ஏதாவது பழைய ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டுச் சோதித்தால் போதும்.

வைட்வைன் இருந்தும் ஓடவில்லையா? முகவரிப் பட்டையின் இடப்பக்கக் கேடய அடையாளத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் கண்காணிப்புத் தடுப்பை நிறுத்திப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் விளம்பரத் தடுப்பானான யுபிளாக் ஆரிஜினைத் திறந்து பெரிய மின்பொத்தானை அழுத்தி அந்தத் தளத்தில் நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டாம், எது தடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

விபிஎன் (உங்கள் இணைப்பை வேறோர் இடத்தின் வழியாக அனுப்பும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைச் சேவைகள் ஐபி முகவரியை வைத்து முடிவு செய்கின்றன, நேர மண்டலத்தை வைத்து அல்ல. விபிஎன் அமெரிக்காவில் போய் வெளியேறினால் என்பிஏவின் கட்டண நேரலைச் சேவையான லீக் பாஸ் உங்களை அமெரிக்கப் பார்வையாளர் என்று எடுத்துக்கொள்ளும். அங்கே தேசிய அளவில் ஒளிபரப்பாகும் ஆட்டங்கள் அந்தச் சேவையில் நேரலையாகக் கிடைக்காது.

படம் ஓடத் தொடங்கியதும் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடு வலப்பக்கச் சதுர அடைப்புக்குறி விசையையும் அழுத்துங்கள். வீடியோ தனியாகப் பிரிந்து வந்து மற்ற ஜன்னல்களுக்கு மேலே மிதக்கும். காலை 6 மணி ஆட்டம் அலுவலக நேரம் வரை இழுப்பது வழக்கம், ஏனெனில் 48 நிமிட ஆட்டம் முடிய எப்படியும் இரண்டரை மணி நேரம் ஆகும். ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் எழுத்து வடிவ ஸ்கோர் பக்கத்தைத் திறந்து வைக்காதீர்கள். இணைய நேரலை எப்போதும் சற்றுப் பின்தங்கியே வரும். பந்து கூடையில் விழுவதற்கு முன்பே ஸ்கோர் மாறிவிட்டால் கடைசி நிமிடங்களின் சுவை போய்விடும்.

முடிவு தெரியாமல் பிறகு பார்ப்பவர்களுக்கு

காலையில் நேரமில்லாமல் இரவில் பதிவைப் பார்ப்பவர்களுக்கு யுபிளாக் பெரிய உதவி. அதைத் திறந்தால் மின்னல் அடையாளமும் சொட்டுக்குழாய் அடையாளமும் இருக்கும். புதியவர்கள் மின்னலை அழுத்தி ஸ்கோர் பட்டையை நீக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பக்கத்தை மறுபடி ஏற்றியதும் ஸ்கோர் பளிச்சென்று திரும்பி வரும், ஏனென்றால் மின்னல் தற்காலிகமானது. நமக்கு வேண்டியது சொட்டுக்குழாய். அதை எடுத்து ஸ்கோர் பட்டையின் மேல் சொடுக்கி, 'ப்ரிவ்யூ' கொடுத்து, சரியான பகுதிதான் மறைகிறதா என்று பார்த்த பிறகே 'கிரியேட்' அழுத்துங்கள். ப்ரிவ்யூ பார்க்காமல் அழுத்தினால் சில சமயம் முழுப் பக்கமும் மறைந்துவிடும். அப்படி ஆனால் யுபிளாக்கின் 'மை ஃபில்டர்ஸ்' பகுதியில் கடைசியாகச் சேர்ந்த வரியை அழித்துவிடுங்கள். தளத்தின் வடிவமைப்பு மாறினாலும் இந்த வரி செயலிழக்கும், அப்போது புதிதாக ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதான்.

என்பிஏ தளத்திலேயே ஸ்கோரை மறைக்கும் பொத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பாமல் யுபிளாக் வரியையும் வைத்துக்கொள்வது நல்லது. மற்ற செய்தித் தளங்களில் அந்தப் பொத்தான் உதவாது.

காலண்டர்

ஆட்டங்களைக் காலண்டரில் போட்டு வைப்பவர்கள், ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங் இயங்கும் பழைய ப்ரொஃபைலில் கூகுள் காலண்டரைத் திறந்தால், உங்கள் நேர மண்டலம் மாறியிருப்பது போலத் தெரிகிறது, புதுப்பிக்கலாமா என்று அது கேட்கலாம். மறுத்துவிடுங்கள். ஒத்துக்கொண்டால் கூடைப்பந்து மட்டுமல்ல, அலுவலகக் கூட்டங்கள் எல்லாமே ஐந்தரை மணி நேரம் நகர்ந்து தெரியும்.

ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டம் வரை போகலாம், நான்கு வென்றவர் மேலே போவார். ஐந்து, ஆறு, ஏழாவது ஆட்டங்கள் தேவைப்பட்டால் மட்டுமே நடக்கும். அட்டவணையில் அதற்கான குறியோடுதான் இருக்கும், பலவற்றுக்கு நேரமே பிறகுதான் முடிவாகும். பேசர்ஸ் 2025-ல் மில்வாக்கியையும் கிளீவ்லாண்டையும் ஐந்து ஆட்டத்திலேயே முடித்தது, நியூயார்க்கை வெல்ல ஆறு ஆனது. மொத்தத்தில் ஐந்து ஆட்டங்கள் நடக்கவே இல்லை. எனவே முதல் நான்கு ஆட்டங்களை மட்டும் காலண்டரில் போடுங்கள். மற்றவற்றை, முந்தைய ஆட்டம் முடிந்த காலையில் அட்டவணையைத் திறந்து, உறுதியான நேரத்தைப் பார்த்துச் சேர்த்தால் போதும்.