பழைய ஈட்டி மரத்து (ரோஸ்வுட்) மேசைக்குத் தேன்மெழுகு பூசுவது எப்படி?

1820களில் ஜான் சல்லிவன் உதகையில் வீடு கட்டிக் குடியேறியதிலிருந்து நீலகிரியில் பங்களாக்கள் பெருகின. அவற்றுக்குள் சேர்ந்த ஈட்டி மேசைகளும் தேக்கு அலமாரிகளும் வீடு கைமாறும்போது இன்றும் விற்பனைக்கு வருகின்றன. வாங்கியவுடன் பலர் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளிச்சமும் கைபடலும் காலங்காலமாக ஏற்றிய நிறம் மெல்லிய ஏடாக மேலே மட்டும்தான் இருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டால் எந்த ஆசாரியாலும் மீட்டுத் தர முடியாது.

முதலில், பொருள் பழையதுதானா என்று பாருங்கள். இழுப்பறையை வெளியே எடுத்து மூலையைக் கவனியுங்கள். பலகைகள் பல் பல்லாகக் கோத்திருக்கும். பற்களின் அகலம் சற்றே முன்பின்னாக இருந்து, ஓரத்தில் ஊசியால் கீறிய அளவுக்கோடும் தெரிந்தால் அது கையால் அறுத்த வேலை. திருகாணியும் துப்புக் கொடுக்கும்: கூர்முனைத் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது, அதற்கு முந்தையது மழுங்கிய முனை. ஆனால் பின்னாளில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் ஒரே திருகாணியை நம்பி முடிவு செய்ய வேண்டாம். மரம் கனமாக, கருஞ்சிவப்பில் கரிய வரிகளோடு இருந்தால் கூடலூர், வயநாட்டுக் காடுகளுக்குரிய ஈட்டியாக இருக்கலாம். இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மகோகனி அமெரிக்கக் கண்டத்து மரம். அதன் சிவப்பு வெளிர்ந்தது.

அடுத்து பூச்சு. மேசையின் அடியில், கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட் (எரிசாராயம்) தொட்ட பஞ்சை வையுங்கள். சில நொடிகளில் பிசுபிசுத்தால் அது அரக்குப் பூச்சு. அப்படியானால் மேற்பரப்பில் ஸ்பிரிட் படவே கூடாது. ஈரம் தங்கவும் விடக் கூடாது, வெண்மை படர்ந்துவிடும்.

தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அழுக்கு இருந்தால், துளி சோப்பு கலந்த நீரில் துணியை நனைத்து, சொட்டில்லாமல் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள்.

இனி மெழுகு. 100 கிராம் தேன்மெழுகுக்கு 300 கிராம் டர்பன்டைன். மெழுகை வெந்நீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்குங்கள்; சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வாசலுக்குக் கொண்டுபோன பிறகே டர்பன்டைனை ஊற்ற வேண்டும். அது சட்டென்று தீப்பற்றும். ஆறியதும் வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும்.

பருத்தித் துணியில் நகக்கண் அளவு எடுத்து, மரத்தின் வரியோட்டத்திலேயே மெல்லத் தேயுங்கள். மலைக்குளிரில் மெதுவாகத்தான் உலரும், ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் சுத்தமான துணியால் துலக்கி, கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். ரேகை பதிந்தால் மெழுகு அதிகம், இன்னும் தேயுங்கள். பயன்படுத்திய துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்து உலர்த்துங்கள்.

மேசையைக் கணப்படுப்பின் பக்கம் போட வேண்டாம். சூட்டில் மரம் சுருங்கிப் பலகை வெடிக்கும். மழைக்காலத்தில் இழுப்பறை இறுகினால் இழைப்புளியை எடுக்காதீர்கள். ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் தானாக இளகிவிடும்.