உராய்வு என்றதும் மியூ ஆர் போடுகிறவர்களுக்கு

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வருடா வருடம் புது வகுப்பு வருகிறது, அந்த வயதில் நான் விட்ட அதே பிழையை அதே வரியில் விடுகிறது. அலகு எழுத மறப்பது, சைனும் கோசைனும் மாறிப்போவது எல்லாம் நாலு பாஸ்ட் பேப்பர் செய்தால் தானாகச் சரியாகிவிடும். அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை. கீழே தலைப்பாக நிற்பவை பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கும் பிழைகள், அவற்றைப் பற்றித்தான் பேசுகிறேன்.

உராய்வு = மியூ ஆர்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். கணக்கில் 'கரடான தளம்' என்று வாசித்த அடுத்த நொடியே உராய்வுக் குணகத்தை (மியூ) செவ்வன் மறுதாக்கத்தால் (ஆர், அதாவது தளம் பொருளைத் தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை) பெருக்கி ஒரு விடையை எழுதிவிடுகிறார்கள். பொருள் அசைகிறதா, ஓய்வில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு நெல் மூட்டையை எடுங்கள். 50 கிலோ, அதாவது நிறை ஏறத்தாழ 500 நியூட்டன். சீமெந்துத் தரையில் குணகம் 0.4 என்று வைத்தால் மியூ ஆர் 200 நியூட்டன். இப்போது ஒருவர் அதைக் கிடையாக 60 நியூட்டன் விசையால் தள்ளுகிறார், மூட்டை அசையவில்லை. உராய்வு எவ்வளவு? வகுப்பில் பாதிப் பேர் 200 என்கிறார்கள். சரி, அப்படியென்றால் மூட்டையில் பின்பக்கமாக 140 நியூட்டன் மிஞ்சுகிறது, அது தள்ளியவரையே திருப்பித் தள்ளிக்கொண்டு வரவேண்டும். எந்தக் களஞ்சியத்திலாவது அப்படி நடந்து பார்த்திருக்கிறீர்களா?

விடை 60. 150 ஆல் தள்ளினால் உராய்வும் 150. ஓய்வில் உள்ள பொருளில் உராய்வு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வரும். 200 என்பது அது போகக்கூடிய உச்சம், அதைத்தான் எல்லை உராய்வு என்கிறோம். அதைத் தாண்டித் தள்ளினால் மூட்டை நகரும், நகர்ந்த பிறகு உராய்வு பெரும்பாலும் அந்த உச்சத்தைவிடக் கொஞ்சம் குறையும். அதனால்தான் மூட்டையைக் கிளப்புவது கஷ்டம், கிளம்பிய பிறகு இழுப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

நான் முதல்தரம் சோதனை எழுதியபோது சாய்தளத்தில் ஓய்விலிருந்த மரக்குற்றிக்கு மியூ ஆர் போட்டேன். முதற்பகுதி விடை பிழைத்தது, அதை வைத்து எழுதிய அடுத்த மூன்று பகுதிகளும் பிழைத்தன, அந்த வினா முழுவதும் போனது, ஒரு வருடமும் அதோடு போனது. ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன்: முதலில் பொருள் ஓய்விலிருக்கத் தேவையான உராய்வைக் காணுங்கள், அப்புறம் அது மியூ ஆரைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டாவிட்டால் தேவையான அந்தப் பெறுமானம்தான் விடை.

உராய்வு எப்போதும் பின்பக்கம்தான்

காலபோக அறுவடை முடிந்து மாசியில் பரந்தன் பக்கமிருந்து நெல் ஏற்றி வரும் உழவு இயந்திரப் பெட்டியைப் பாருங்கள். பெட்டி வேகமெடுக்க மூட்டையும் கூடவே வேகமெடுக்கிறதே, அதற்கு அந்த வேகத்தைக் கொடுக்கும் விசை எது? பெட்டித் தட்டின் உராய்வுதான், அது முன்பக்கமாகத்தான் இருக்கிறது. ஒருமுறை நான் பெட்டியில் இருந்தபோது சாரதி கிளச்சைச் சட்டென்று விட்டார், கடைசி வரிசை மூட்டை இரண்டு தெருவில் விழுந்தன. யாரும் அவற்றைப் பின்னுக்குத் தள்ளவில்லை. அந்த ஆர்முடுகலை, அதாவது வேகம் கூடும் வீதத்தை, கொடுக்க உராய்வின் உச்சம் போதவில்லை, மூட்டைகள் பின்தங்க, பெட்டி அவற்றின் அடியிலிருந்து முன்னுக்குப் போய்விட்டது. உராய்வு எதிர்ப்பது தொடும் இரு பரப்புகளுக்கிடையிலான வழுக்கலை. நீங்கள் நடக்கும்போது தரை உங்கள் காலை முன்னுக்குத் தள்ளுவதும் இதே கணக்கு.

சடத்துவ விசை

பெட்டியிலிருந்து விழுந்த அந்த மூட்டைகளைப் பின்னுக்குத் தள்ளியது இதுதான் என்பார்கள். அப்படியொரு விசை இல்லை. படத்தில் அதற்கு அம்பு போடாதீர்கள்.

செவ்வன் மறுதாக்கம் = நிறை

கிடைத்தளத்தில், மேலேயோ கீழேயோ வேறு விசை இல்லாதபோது மட்டும். மூட்டையைக் கயிறு கட்டிச் சாய்வாக மேல்நோக்கி இழுத்தால் மறுதாக்கம் குறையும், அதோடு எல்லை உராய்வும் குறையும்.

ஓட விசை வேண்டும்

சைக்கிளை மிதிப்பதை நிறுத்தினால் அது நிற்பது விசை தீர்ந்ததால் அல்ல, காற்றும் தெருவும் எதிர்ப்பதால். கிரவல் தெருவில் ஒருமுறை, ஏ9 தார் வீதியில் ஒருமுறை, ஒரே வேகத்தில் வந்து மிதியை விட்டுப் பாருங்கள். எவ்வளவு தூரம் போகிறது என்று அடியெண்ணி, அடுத்த வகுப்புக்கு வரும்போது கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள்.