குருவியிடமும் கரையானிடமும் கட்டடப் பாடம்

கட்டடத்தை இயற்கையாகக் குளிர்ச்சியாக வைப்பது எப்படி என்பதை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் தொடங்காதீர்கள். கீழே விழுந்து கிடக்கும் பழைய தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று கிடைத்தால் போதும், கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். நார் நாராகக் கிழித்த புல் முடிச்சு போட்டுக் கோத்திருக்கும், உள்ளே காய்ந்த களிமண் ஒட்டியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் இடங்களில் இந்தக் குருவி பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்தில்தான் கூடு தொங்கவிடும். ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம், மண் பூச்சு வெப்பத்தை என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு சோதனை. ஒரே அளவில் இரண்டு செருப்பு அட்டைப்பெட்டி எடுத்து, ஒன்றுக்கு மட்டும் வெளியே களிமண்ணோடு நறுக்கிய வைக்கோல் பிசைந்து இரண்டு விரல் கனத்துக்குப் பூசுங்கள். வைக்கோல் இல்லாவிட்டால் காயும்போது மண்ணில் வெடிப்பு விழும். நன்றாகக் காயவிடுங்கள், ஈரம் இருந்தால் அது ஆவியாகும்போதே பெட்டி குளிர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டிலும் வெப்பமானி வைத்து வெயிலில் காலை பத்து முதல் மாலை ஆறு வரை அரை மணிக்கொரு முறை குறிக்கச் சொல்லுங்கள். மண் பெட்டி மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும்.

சரி, நிஜக் கட்டடம்? ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் சென்டர் என்ற கடை, அலுவலக வளாகத்தைக் காட்டுங்கள். கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் கரையான் புற்றைப் பார்த்து யோசித்தது. அந்தக் கட்டடம் இரவுக் குளிர்காற்றை உள்ளே இழுத்துக் கனத்த கான்கிரீட்டைக் குளிரவைக்கிறது, பகலில் அது உங்கள் மண் பெட்டி மாதிரி மெதுவாகத்தான் சூடேறும். புற்று அப்படியே ஏசி மாதிரி வேலை செய்வதில்லை, காற்றுப் பரிமாற்றமே அதன் முக்கிய வேலை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், நல்ல கேள்விகள் அங்கேதான் கிளம்பும்.