லண்டனைச் சுற்றும் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடித்த கதையும் பாட்டும் புழங்கிய தெருவில் ஒருமுறையாவது நின்றுவிட வேண்டும் என்கிற ஆசை ரசிகர்களுக்குத்தான் புரியும். அந்த ஆசைக்கு லண்டன் அள்ளி அள்ளிக் கொடுக்கும். ஆனால் கதையில் வரும் இடம், ஷூட்டிங் நடந்த இடம், இன்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் இடம் மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் பாதி நாளை அலைச்சலிலேயே தொலைத்துவிடுகிறார்கள்.

கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ் குடியிருக்கும் 221பி, பேக்கர் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். கதைகள் வெளிவரத் தொடங்கிய காலத்தில் அந்தத் தெருவில் அவ்வளவு பெரிய கதவு எண்ணே கிடையாது. இன்று அந்த எண்ணைத் தாங்கியிருப்பது 1990இல் திறந்த மியூசியம். அது உண்மையில் இருப்பது 237க்கும் 241க்கும் நடுவில். பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்த பிபிசி தொடரில் பார்த்த வாசலை அங்கே தேடினால் கிடைக்காது. அது யூஸ்டன் பக்கம், 187, நார்த் கோவர் தெரு. தொடரில் வரும் ஸ்பீடிஸ் கஃபேயும் அதை ஒட்டியே இருக்கிறது. மியூசியத்தில் பழைய காலத்து அறையைப் பார்க்க ஆசையா, தொடரில் வந்த வாசலைப் பார்க்க ஆசையா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரசிகர்களுக்கு வேறொரு சிக்கல். ரயில் வரைபடத்தில் ‘அபே ரோடு’ என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அதை நம்பி இறங்கிவிடாதீர்கள்! அது கிழக்கு லண்டனில், டிஎல்ஆர் என்கிற இலகு ரயில் பாதையில் இருப்பது. அவர்களுடைய ‘அபே ரோடு’ ஆல்பம் அட்டையில் வரும் ஜீப்ரா கிராசிங்குக்குச் சுரங்க ரயிலின் ஜூபிலி லைனில் செயின்ட் ஜான்ஸ் வுட் ஸ்டேஷனில் இறங்கி, கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

அங்கே போன பிறகு செய்யும் தவறுதான் பெரியது. 1969 ஆகஸ்ட் 8 அன்று நடுரோட்டில் ஏணி போட்டு, போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்க, அந்த அட்டைக்காக ஆறே போட்டோக்கள் எடுத்தார்கள். உங்களுக்காக யாரும் போக்குவரத்தை நிறுத்த மாட்டார்கள். பஸ்ஸும் காரும் ஓயாமல் போகிற சாலை அது. கோடுகளின் மேல் நின்றபடி போஸ் கொடுப்பது ஆபத்து. கிராசிங்கில் தாமதித்து நிற்பதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. ஒத்திகையை நடைபாதையிலேயே முடித்துவிடுங்கள். அட்டையில் இருப்பதுபோல் முன்னால் ஜான், அடுத்து ரிங்கோ, பிறகு பால், கடைசியில் ஜார்ஜ். அங்கிருக்கும் அபே ரோடு ஸ்டுடியோவை விட்டு விலகிப் போகிற திசையில் நடக்க வேண்டும். பால் மட்டும் செருப்பில்லாமல், மற்றவர்களோடு ஒட்டாமல் கால் மாற்றி வைத்திருப்பார். இதையெல்லாம் பேசி வைத்துக்கொண்டு, வண்டிகள் நின்றதும் நிற்காமல் நடந்து கடந்துவிடுங்கள். படம் எடுப்பவர் ஓரத்தில் நின்று தொடர்ச்சியாகக் கிளிக் செய்தால் போதும். விடியற்காலையில் போனால் இன்னும் நல்லது. ஸ்டுடியோவில் இன்றும் ரெக்கார்டிங் நடக்கிறது என்பதால் உள்ளே போகலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தில் கடை மட்டும் உண்டு.

கிங்ஸ் கிராஸில் ஹாரி பாட்டரின் ஒன்பதே முக்கால் பிளாட்பாரத்தைத் தேடி டிக்கெட் கேட்டைத் தாண்டத் தேவையில்லை. சுவரில் பாதி புதைந்த தள்ளுவண்டி வெளிக்கூடத்திலேயே, இலவசமாகப் பார்க்கும்படி இருக்கிறது. அங்கிருக்கும் போட்டோகிராபரிடம் படம் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். படப்பிடிப்பு நடந்தது 4, 5ஆம் பிளாட்பாரங்களுக்கு இடையில். இரண்டாம் படத்தில் ஸ்டேஷனாகக் காட்டும் அந்தச் செங்கல் மாளிகை பக்கத்திலிருக்கும் செயின்ட் பாங்க்ராஸ்.

ஹாரி பாட்டர் படங்களை எடுத்த வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்க்கும் டூரை இதே நாளில் சேர்த்துவிடாதீர்கள். அது லண்டனுக்கு வெளியே, வாட்ஃபோர்டை ஒட்டிய லீவ்ஸ்டனில் இருக்கிறது. யூஸ்டனிலிருந்து ரயில், பிறகு பஸ். முன்பதிவு இல்லாமல் நேரே போனால் வாசலில் டிக்கெட் கிடைக்காது. விமான டிக்கெட்டோடு சேர்த்தே இதையும் பதிவு செய்வது உத்தமம்.

நாட்டிங் ஹில் பகுதியில், அதே பெயர் கொண்ட படத்தில் வந்த நீலக் கதவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அசல் கதவு எப்போதோ ஏலத்தில் போய்விட்டது. இப்போது அந்த வாசலுக்குப் பின்னால் குடும்பம் இருக்கிறது. படியில் உட்காருவது, கதவில் சாய்வது, ஜன்னலில் எட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். எதிர்ப்பக்கம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். நாம் அப்படி நடந்துகொண்டால்தான் நமக்குப் பின்னால் வருகிற ரசிகரையும் அந்தத் தெருக்காரர்கள் முகம் சுளிக்காமல் பார்ப்பார்கள்.

வரிசை தெரியாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதும் வீண். காலையில் செயின்ட் ஜான்ஸ் வுட்டில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து ஒரே ஸ்டாப் பேக்கர் தெரு. லைன் மாறினால் யூஸ்டன் ஸ்கொயர்; இறங்கினால் நார்த் கோவர் தெரு கூப்பிடு தூரம். அதற்கு அடுத்த ஸ்டாப்தான் கிங்ஸ் கிராஸ். நாலு இடமும் ஒரே கோட்டில் முடிந்துவிடும். டியூப் எனப்படும் சுரங்க ரயிலில் கட்டணத்துக்காகக் கேட்டில் தட்டும் கார்டு ஒருவருக்கு ஒன்று வேண்டும், ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. உள்ளே போகும்போது போனைத் தட்டிவிட்டு வெளியே வரும்போது கார்டைத் தட்டாதீர்கள். இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் முடிவடையாத இரண்டு பயணங்களாக எடுத்துக்கொண்டு, அதிகபட்சக் கட்டணத்தை இரண்டு முறை பிடித்துவிடும்.